அடகு ரசீதை எறிந்துவிடாதீர்கள்

அப்பா 2014இல் போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கு விட்டுப்போனது ஒரு ராலி சைக்கிளும் மூன்று டிரங்குப் பெட்டிகளும். முப்பத்தோராம் நாள் முடிந்த கையோடு சைக்கிளைத் தம்பி கொண்டுபோய்விட்டான். பெட்டிகளை ஒருவரும் கேட்கவில்லை. கொட்டாஞ்சேனையில் எங்களுடையது இரண்டு அறை வீடு. கட்டிலுக்குக் கீழே இரண்டு, அலுமாரிக்கு மேலே ஒன்று என்று அவை என் தலையில் வந்து விழுந்தன. உள்ளே இருந்தது ஒரு ரயில்வே கிளைச் சங்கத்தின் இருபத்திரண்டு வருடச் சீவியம். மினிட்ஸ் புத்தகங்கள், சந்தா ரசீதின் அடிக்கட்டைகள், ரோனியோ நோட்டீசுகள், பெட்டிசங்களின் காபன் கொப்பிகள், மே தினப் படங்கள். கறையானுக்கும் 83 தமிழர் எதிர்ப்புக் கலவரத்துக்கும் தப்பி வந்தவற்றை, காப்பாற்றப் போகிறேன் என்று கிளம்பிய நான்தான் பாதிக்கு மேல் அழித்தேன். கைக்காசில் ஒரு இலட்சத்துக்குக் கிட்டப் போனது, ஆறு வருடமும் போனது. துறைமுகத்தில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள், மாநகரசபைத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள், வெள்ளவத்தை நெசவாலைக்காரர் வீட்டார் என்று கொழும்பில் இப்படி ஒரு பெட்டியோடு இருப்பவர்கள் இன்னும் இருக்கிறீர்கள். எனக்கு அப்போது யாராவது சொல்லியிருந்தால் என்று நான் ஏங்கியதையெல்லாம் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா தெமட்டகொடை ரயில் ஷெட்டில் பிட்டர். 1947 ஜூன் 5ஆம் திகதி, வேலைநிறுத்த ஊர்வலத்தின் மேல் தெமட்டகொடையில் பொலிஸ் சுட்டதில் அரசாங்க லிகிதர் சங்கத்தைச் சேர்ந்த கந்தசாமி இறந்த செய்தியை, தாத்தா மூச்சிரைக்க வீட்டுக்கு வந்து சொன்னாராம். அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்தக் கதையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சரியாக முப்பத்துமூன்று வருடம் கழித்து, 1980இல், அதே ஜூன் 5ஆம் திகதி கொழும்பு ஆர்ப்பாட்டத்தில் தொழிற்சங்கத் தோழர் சோமபால கொல்லப்பட்டார். அடுத்த மாதம் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். அரசாங்கம் அவசரகாலச் சட்டத்தைப் போட்டது, வேலைக்கு வராதவர்கள் தாமாகவே பதவியை விட்டுப் போனதாகக் கணக்கு வைத்தது. 40,000 பேருக்கு மேல் வேலை போனது. அதில் எங்கள் வீட்டிலும் ஒருவர். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வந்தோம். அப்பா பழைய சோனகத் தெருவில் ஒரு இரும்புக் கடையில் நின்றார். கிளைச் சங்கத்தின் அறைக்கு வாடகை கட்ட ஆளில்லை. செயலாளர் என்ற முறையில் பெட்டிகளை அப்பா கை வண்டியில் வைத்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

மூன்று வருடத்தில் 83 வந்தது. வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு தேடி வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அப்பா முதலில் செய்த வேலை, அங்கத்தவர் பதிவேட்டைப் பின்முற்றத்தில் போட்டுக் கொளுத்தியது. அதில் தமிழ் ஆட்களின் பெயரும் விலாசமும் வரிசையாக இருந்தன. மற்றப் பெட்டிகளை ஒரு சிங்களத் தோழர் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்து, 85இல் ஒரு சாக்குக்கூடக் கிழியாமல் திருப்பித் தந்தார். இதெல்லாம் அப்பா சொன்னதால் எனக்குத் தெரியும், பெட்டிக்குத் தெரியாது. நாளைக்கு யாராவது திறந்து பார்த்தால், பதிவேடு இல்லையே, செயலாளர் பொறுப்பில்லாத ஆள் போலிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். அதனால் நீங்கள் பெட்டியைத் திறந்தால் முதலில் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். இது யாருடையது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, எது இல்லை, ஏன் இல்லை என்று அரைப் பக்கம் எழுதி, திகதி போட்டு உள்ளே வையுங்கள். அடுக்குவதும் துடைப்பதும் அதற்குப் பிறகு இருக்கட்டும். நான் அதை நான்கு வருடம் தள்ளிப்போட்டேன். அதற்குள் அந்தத் தோழரும் போய்விட்டார். எந்த ஊரில், எந்த அறையில் பெட்டிகளை வைத்திருந்தார் என்று கேட்க இன்றைக்கு ஆளில்லை.

2015இல் ஒரு போயா தினம் துப்புரவு வேலையில் இறங்கினேன். சங்கத்துக்குச் சம்பந்தமில்லாதது என்று பட்டதையெல்லாம் ஒரு பக்கம் குவித்தேன். மண்ணெண்ணெய் பில், பள்ளிக்கூட ரிப்போர்ட், அம்மாவின் கையெழுத்தில் ஒரு மளிகைக் கணக்குக் கொப்பி, ரப்பர் பட்டி போட்டுக் கட்டிய அடகு ரசீதுகள் ஒரு கட்டு. ஏறக்குறைய மூன்று கிலோ. போத்தல் பேப்பர் எடுக்கிறவர் அறுபது ரூபா தந்தார். அந்த அறுபது ரூபாவை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. அடகு ரசீதுகள் 1980 ஆகஸ்டில் தொடங்கி 82 வரைக்குமானவை. அம்மாவின் வளையல் எந்த மாதம் போனது, தோடு எப்போது போனது, எது மீண்டது, எது மூழ்கியது என்று ஒரு வேலைநிறுத்தக் குடும்பத்தின் முழு வரவுசெலவும் அதில் இருந்தது. மினிட்ஸ் புத்தகத்தில் 'தோழர்கள் மிகுந்த கஷ்டத்தில் உள்ளனர்' என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. கஷ்டத்தின் கணக்கை நான் கிலோவுக்கு இருபது ரூபாப்படி விற்றுவிட்டேன். முதல் வருடம் ஒரு துண்டுக் கடதாசியையும் வீட்டை விட்டு வெளியே அனுப்பாதீர்கள். எது தேவை, எது குப்பை என்று பார்க்கும் கண் அப்போது நமக்கு இருக்காது. பெண்களின் கையெழுத்தில் இருப்பதை இரண்டு தரம் பாருங்கள். சங்கத்துக் காகிதத்தில் அவர்கள் பெயர் அநேகமாக இருக்காது, வீட்டுக் காகிதத்தில்தான் இருக்கும்.

அடுத்தது வெள்ளம். அலுமாரிக்கு மேலே இருந்த பெட்டி இடைஞ்சலாக இருந்ததால் வெல்லம்பிட்டியில் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். நோட்டீசும் படங்களும் இருந்த பெட்டி. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி வந்தபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டி எல்லாம் தண்ணீருக்குள். தங்கச்சி பிள்ளைகளையும் அடையாள அட்டைகளையும் தூக்கிக்கொண்டு மேல்வீட்டுக்கு ஓடினாள். பெட்டியை நினைக்கவில்லை, நினைக்கவும் கூடாது. ஐந்தாம் நாள் போய்த் திறந்தபோது எல்லாம் சேற்றோடு ஒட்டி ஒரே பாளமாக இருந்தது. நான் அழுதுகொண்டே ஒவ்வொன்றாகப் பிரித்து முற்றத்து வெயிலில் பரப்பினேன். இதைவிடப் பிழையான வேலை இல்லை. பிரிக்கும்போதே ரோனியோத் தாள்கள் கிழிந்தன, வெயிலில் மிச்சம் அப்பளம் போல முறுகிச் சுருண்டது, படங்களின் முகம் எதிரே இருந்த படத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. நனைந்த காகிதத்துக்கு இரண்டு நாள்தான் தவணை, பிறகு பூஞ்சணம் பிடிக்கும். அதற்குள் உலர்த்த முடியாத அளவு இருந்தால் பிரிக்காமல் கட்டுக் கட்டாகவே பொலித்தீன் பையில் போட்டு டீப் பிரீசரில் வைத்துவிட வேண்டும். உறைந்திருக்கும்வரை அழுகாது, ஆறுதலாக ஒவ்வொரு கட்டாக எடுத்துப் பார்க்கலாம். சந்திக் கடைக்காரரிடம் ஐஸ்கிறீம் பெட்டியில் ஒரு மூலை கேட்டிருந்தால் தந்திருப்பார், வெள்ளக் காலத்தில் யார் ஐஸ்கிறீம் தின்றது. கொஞ்சமாக இருந்தால் நிழலில், மின்விசிறிக் காற்று மெல்லப் படும்படி, நடுவே மை இல்லாத உறிஞ்சுதாள் வைத்து உலர்த்தலாம். படம் ஒட்டியிருந்தால் இழுக்கக் கூடாது. சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் கிடத்தினால் பல சமயம் தானாக விடும், பிறகு முகம் மேலே பார்க்கக் காயவிட வேண்டும். இருநூற்றுப் பதினாறு படங்களில் எனக்கு மிஞ்சியது முப்பத்தொன்பது.

பயந்துபோய், மிஞ்சியதையாவது பத்திரப்படுத்துவோம் என்று அடுத்த மடத்தனத்தைச் செய்தேன். நல்ல நிலையில் இருந்த அறுபது நோட்டீசுகளை ஒரு கம்யூனிகேஷன் கடைக்குக் கொண்டுபோய், ஒன்றுக்கு எழுபது ரூபா கொடுத்து லெமினேட் பண்ணினேன். 4,200 ரூபா. வீட்டில் எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்டேன். அந்தச் சூட்டில் ரோனியோ மை சில தாள்களில் அப்போதே கலங்கியது. மற்றவை இப்போது பிளாஸ்டிக்கினுள்ளேயே மஞ்சளாகிக் கறுக்கின்றன, எடுக்கவும் வழியில்லை. லெமினேட் பண்ணாதீர்கள். செலோடேப் ஒட்டாதீர்கள். பொலித்தீன் பைக்குள் இறுக்கிக் கட்டவும் வேண்டாம், கொழும்புப் புழுக்கத்துக்கு உள்ளேயே வியர்த்துப் பூஞ்சணம் வரும். துருப்பிடித்த குண்டூசியையும் ஸ்டேப்ளஸ் கம்பியையும் பொறுமையாகக் கழற்றிவிட்டு, சாயம் போடாத, கஞ்சி போகத் துவைத்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், வெளிச்சுவரில் முட்டாமல் வையுங்கள். படத்தின் பின்னால் பெயர் எழுத வேண்டுமென்றால் மெல்லிய பென்சில் மட்டும். போல் பேனா அழுத்தினால் தோழரின் நெற்றியில் கோடு விழும்.

ஒரு மினிட்ஸ் புத்தகத்தை வெள்ளம் கொண்டுபோகவில்லை, நானே கொடுத்துவிட்டேன். 1971 தொடங்கி 76 வரைக்குமான புத்தகம். பாதி சிங்களம், பாதி தமிழ், நடுநடுவே இங்கிலீஷ், சில வரிகளில் மூன்றும் சேர்ந்தே இருக்கும். ஆராய்ச்சி செய்கிறேன் என்று வந்த ஒருவர் மரியாதையாகப் பேசினார், அப்பாவின் படத்தைக் கும்பிட்டார், இரண்டு கிழமையில் தருகிறேன் என்றார். 2017 மார்ச். பிறகு போன் எடுக்கவில்லை, நம்பரும் மாறிவிட்டது. அவர் கெட்டவர் என்றுகூட எனக்குச் சொல்ல வரவில்லை, எங்கேயோ ஒரு லாச்சிக்குள் போட்டு மறந்திருப்பார். ஆனால் கொடுக்கும்போது ஒரு துண்டில் கையெழுத்து வாங்க எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தின் விலை ஐந்து வருடச் சரித்திரம். மூலத்தை யாருக்கும் வீட்டை விட்டு வெளியே கொடுக்க வேண்டாம். மேசை கொடுங்கள், தேத்தண்ணீர் கொடுங்கள், இருந்து படித்துப் படம் எடுத்துக்கொண்டு போகட்டும்.

அதற்குப் பிறகுதான் ஸ்கேன் பண்ணும் எண்ணம் வந்தது. 24,500 ரூபாவுக்கு ஒரு ஸ்கேனர் வாங்கி, ஒன்பது மாதம் இரவிரவாக உட்கார்ந்து 1,430 பக்கம் எடுத்தேன். எல்லாம் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில். மருமகன் கார்ட்டூன் பார்க்கக் கேட்டான், கொடுத்தேன், கீழே விழுந்தது. மீட்டுத் தருகிறோம் என்ற ஒரு கடைக்கு 38,000 கொடுத்ததில் கிடைத்தது நானூற்றுச் சொச்சம், அதுவும் எல்லாம் இலக்கப் பெயர்களில், எது எந்தப் புத்தகத்தின் பக்கமென்றே தெரியாமல். இப்போது மூன்று பிரதி வைத்திருக்கிறேன். ஒன்று கம்பியூட்டரில், ஒன்று வேறு டிஸ்க்கில், ஒன்று வவுனியாவில் அண்ணா வீட்டில். ஒரே வெள்ளம் மூன்றையும் கொண்டுபோகாது என்று நம்புகிறேன். எழுத்துப் பக்கத்துக்கு 300 டிபிஐ (ஸ்கேனின் நுணுக்க அளவு) போதும், படத்துக்கு 600. கோப்பின் பெயரில் வருடம், மாதம், நாள், பிறகு அது என்ன என்பது. 'அப்பா நியூ பைனல் 2' என்று பெயர் வைத்தால் அடுத்த வருடம் உங்களுக்கே விளங்காது, எனக்கு விளங்கவில்லை. ஸ்கேனர் வாங்கக் காசில்லை என்று தள்ளிப்போடவும் வேண்டாம். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், போனை அசையாமல் பிடித்து நேர் மேலிருந்து எடுத்தால் அச்சொட்டாக வாசிக்கலாம்.

ஆட்களின் பேச்சைப் பதிந்த கதை தனி. அப்பாவோடு வேலை செய்த ஒரு மாமா மட்டக்குளியில் இருந்தார், வயது எண்பத்தாறு. ஒரு ஞாயிறு போய் போனில் பதிந்தேன். இரண்டு மணித்தியாலம் அருமையாகப் பேசினார், 80இல் ஷெட் வாசலில் யார் யார் நின்றார்கள் என்று பெயர் பெயராகச் சொன்னார். வீட்டுக்கு வந்து கேட்டால் தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியும் அடுத்த அறை டிவி நாடகமும்தான் கேட்கின்றன. திரும்பப் போவோம் என்று இருந்தேன், மூன்றாம் மாதம் மரண அறிவித்தல் வந்தது. இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்கிறேன். போனை ஒரு சாண் தூரத்தில் துணி மேல் வைத்து, ஐந்து நிமிடம் பதிந்து, கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொடர்கிறேன். திகதி, இடம், பேசுபவர் பெயர் மூன்றையும் என் குரலில் முதலில் சொல்லிவிடுகிறேன். கேள்வியும் மாறிவிட்டது. 'வேலைநிறுத்தம் எப்படி நடந்தது?' என்று கேட்டால் மேடைப் பேச்சுத்தான் வரும். 'அன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள்?' என்று கேட்டால் ஆள் அந்த நாளுக்கே போய்விடுவார். சிங்களத்தில் வந்தால் சிங்களத்திலேயே விட்டுவிடுங்கள். ஷெட்டில் தமிழ் ஆட்களும் சிங்களத்தில் பகிடி விட்டுத்தானே வேலை செய்தார்கள்.

பகிர்வதிலும் சுட்டுக்கொண்டேன். 2020 ஊரடங்கு நேரம் முகநூலில் ஒரு பக்கம் தொடங்கிக் கிழமைக்கு ஒரு தாள் போட்டேன். ஒரு நாள் 1976ஆம் ஆண்டுத் தீர்மானம் ஒன்று. வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குப் போன ஆறு பேரைப் பெயர் சொல்லிக் கருங்காலிகள் என்று கண்டித்த தாள். நல்ல காரமான தமிழ் என்று ரசித்துப் போட்டேன். இரவு பத்து மணிக்கு ஒரு பெண் பிள்ளை போன் எடுத்தாள். அதில் மூன்றாவது பெயர் அவளுடைய தாத்தா. பாட்டிக்கு அப்போது டிபி, மருந்துக்குக் காசில்லாமல்தான் தாத்தா வேலைக்குப் போனார் என்று சொன்னாள். நான் என்ன சொல்ல? உடனே எடுத்துவிட்டேன், ஆனால் எழுபது பேர் ஏற்கெனவே பகிர்ந்திருந்தார்கள். அந்தத் தாளை அழிக்கவில்லை, அதுவும் நடந்ததுதான். பெட்டியில் இருக்கிறது, அவள் சொன்னதையும் எழுதி அதோடு சேர்த்து வைத்திருக்கிறேன். குடும்பங்கள் இதே ஊரில், இதே தெருவில் இருக்கும்போது ஒரு பெயரை வெளியே போடுமுன் தேடிக் கேட்க வேண்டும். பேட்டி கொடுத்தவரிடமும் எதை இப்போது போடலாம், எதை அவர் காலத்துக்குப் பின் போடலாம் என்று எழுதி வாங்குங்கள். அடையாள அட்டை இலக்கமும் வீட்டு விலாசமும் உள்ள தாளைப் பொதுவில் போடவே வேண்டாம். அப்பா அந்தப் பதிவேட்டை ஏன் கொளுத்தினார் என்பது எனக்கு அன்றிரவு இன்னொரு தரம் விளங்கியது.

இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று தம்பி கேட்பான். பெரிய சரித்திரமெல்லாம் புத்தகத்தில் இருக்கிறதே என்பான். இருக்கிறதுதான். 1893இல் கொழும்பு அச்சகத் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தம், 1923இல் ஏ. ஈ. குணசிங்க நடத்திய பொது வேலைநிறுத்தம், தேசநேசன், தேசபக்தன் பத்திரிகைகளை நடத்திய நடேசய்யர், தோட்டத்து ஆட்களுக்குப் பாட்டுக் கட்டிப் பாடிய அவர் மனைவி மீனாட்சி அம்மை எல்லோரும் எழுத்தில் இருக்கிறார்கள். மாதம் ஒரு ரூபா சந்தாவைத் தவணை முறையில் கட்டிய பிட்டர் எங்கே இருக்கிறார்? ரசீது அடிக்கட்டையில் மட்டும்தான். சங்கத் தலைமைக் காரியாலயத்திலாவது வைப்பார்கள் என்று நம்பி ஒரு கட்டுப் படங்களை ஓரிடத்தில் கொடுத்தேன். பெயின்ட் அடித்தபோது எங்கே போனதென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எங்கே கொடுத்தாலும் எத்தனை, என்னென்ன என்று பட்டியல் போட்டு இரண்டு பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. தமிழ் ஆவணமென்றால், 2005 தொடக்கம் இணையத்தில் இலவசமாக வாசிக்க வைக்கும் 'நூலகம்' என்ற இணைய நூலகம் இருக்கிறது. மலையகத்துப் பொருட்களாக இருந்தால் கம்பளையில் பழைய பீகொக் தோட்டத்து லயத்தில் தொழிலாளர் அருங்காட்சியகமே வைத்திருக்கிறார்கள், ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

போன மாசி மாதம் அம்மாவை உட்கார வைத்துப் பதிந்தேன். அவருக்கு எண்பத்திரண்டு. "இந்த வெயிலுக்கு ஃபேனை நிப்பாட்டச் சொல்றியே, உனக்கு விசரா?" என்று ஏசிவிட்டு விசிறிமட்டையை எடுத்துக்கொண்டார். சங்கத்தைப் பற்றிக் கேட்டபோது, அதெல்லாம் அப்பாவுக்குத்தான் தெரியும் என்றார். அடகு ரசீதுகளை நான் எறிந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விசிறியை மடியில் வைத்துவிட்டு விரல் மடக்கத் தொடங்கினார். "ஆவணியில இரட்டை வடச் சங்கிலி, ஐந்நூற்றைம்பது. ஐப்பசியில தீபாவளிக்கு முதல் கிழமை தோடு. உனக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க வளையல் ஒண்டு, மற்றது அப்பாவுக்கு நிமோனியா வந்தப்ப. சங்கிலி மீளவே இல்ல. கடைக்காரன் நல்லவன், ரெண்டு தரம் தவணை தந்தான்..." நாற்பத்தேழு நிமிடம். ஒரு திகதிக்குக்கூட அவர் யோசிக்கவில்லை.